முத்துக்குடா படகில் யாரும் தொடாத பலகை

1

துபாயில் நான் பார்க்கிற வேலையை ஊருக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். "கப்பல்ல வேலை" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கப்பல் இல்லை. வசதியானவர்கள் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் வெள்ளைப் படகு. அதில் வருகிறவர்களுக்குத் தீனிப் பலகை தயார் செய்து வைப்பது என் வேலை.

நம்மூரில் தாம்பாளத்தில் சீர் அடுக்குவோமே, கிட்டத்தட்ட அதேதான். சீர்த்தட்டை எண்ணிப் பார்ப்பார்கள், இதை எடுத்துத் தின்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நீளமான மரப்பலகை. முதலில் குட்டிக் கிண்ணங்களை வைக்க வேண்டும்: அத்திப்பழ ஜாம், ஆலிவ், கொண்டைக்கடலையை அரைத்த ஹம்மூஸ். அவற்றைச் சுற்றி சீஸ் துண்டுகள், பேரீச்சை, பாதாம். திராட்சையைக் கொத்தாகத்தான் வைக்க வேண்டும். தனித்தனியாக வைத்தால் படகு ஒரு ஆட்டம் ஆடியதும் உருண்டு கடலுக்குப் போய்விடும். பிஸ்கட்டைக் கடைசியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் நமுத்துவிடும். பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு. எண்ணெய் வடிகிற எதுவும் கூடாது, தேக்குத் தளம் கறையாகும்.

இதெல்லாம் சீக்கிரம் படிந்துவிட்டது. படியாதது அதற்குப் பிறகு செய்ய வேண்டியது. பலகையை வைத்துவிட்டு, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். பின்னால் நகர்ந்து, கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். விருந்தாளியின் வாயைப் பார்க்கக் கூடாது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் மேரிசெல், பிலிப்பைன்ஸ்காரி. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "நீ ஏன் எல்லாரையும் சாப்பிடு சாப்பிடு என்று துரத்துகிறாய்? அந்த அம்மா பயந்துவிட்டாள்."

"எங்க ஊரில் ஒரு தடவை சொன்னால் அது சொன்னதிலேயே சேர்த்தி இல்லை" என்றேன்.

"இங்கே இரண்டு தடவை சொன்னால் அது புகாரில் சேர்த்தி" என்றாள்.

பழகிக்கொண்டேன். இன்று கண்ணைக் கட்டிவிட்டாலும் பலகையை வைத்ததும் என் கால்கள் தாமாகப் பின்னால் போகும்.

போன வாரம் ஒரு தமிழ்க் குடும்பம் படகேறியது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா. பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டபடி பலகையில் பாதியைக் காலி செய்தார்கள். மகன் போனில் இருந்தார். பெரியவர் மட்டும் மடியில் கையை வைத்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேரிசெல் பார்க்கிறாளா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டு, குனிந்து சொன்னேன்: "ஐயா, எடுத்துக்குங்க. இந்தப் பேரீச்சம்பழம் நல்லாருக்கும்."

"தமிழா?" என்றார். உடனே கையை நீட்டினார். "யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுவாங்களான்னு பாத்தேன் தம்பி."

பிள்ளைகளில் மூத்தவன் அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: "அவர் எதிரிலேதானே இருக்கிறது, தாத்தா ஏன் எடுக்கவில்லை?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. அல்லது தெரிந்து, சொல்ல அலுப்பாக இருந்திருக்கலாம். எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

எங்களுக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம். அப்பா கடலையும் சோளமும் போடுகிற மனிதர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, கேட்டரிங் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு ஒரே தங்கை, செல்லம்மாள், என் அத்தை. கீரனூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வாரம் தவறாமல் வரப்போக இருந்த உறவு.

என் அக்கா கல்யாணத்தில் அது அறுந்தது. இரண்டாம் பந்தியில் அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, உட்கார்ந்திருக்கிறார். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த சமையல்கார ஆள், பக்கத்து இலையில் யாரோ கூப்பிட, மாமா இலையைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். இலையை மூடாமல் எழுந்து போய்விட்டார்.

அது கூட ஆறிப்போயிருக்கும். மறுநாள் விஷயத்தை அப்பாவின் காதில் போட்டபோது, கல்யாண அலுப்பில் இருந்த அவர் சொன்னார்: "பாயசம் வேணும்னா கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான?"

வாக்கியம் அப்படியே கீரனூருக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதா? ஆறு வருஷம் பேச்சில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வரப்போக இல்லை.

இரண்டு பக்கமும் மனசு இல்லாமல் இல்லை. அத்தை ஆட்டுச் சந்தையில் யாரையாவது எங்கள் ஊர்க்காரரைப் பார்த்தால், "எங்கண்ணன் நெஞ்சுச்சளிக்கு மருந்து சாப்பிடுதா?" என்று கேட்பார். அப்பா கடலை பறித்தால் ஒரு மூட்டையைத் தனியாக வைப்பார். எதற்கென்று சொல்ல மாட்டார். கடைசியில் அதையும் சேர்த்து விற்பார்.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். நான் இருக்கிற இடத்திலிருந்து நினைத்த நேரத்தில் வர முடியாது. இருவரில் யாருக்காவது ஒன்று ஆகி, மற்றவர் வாசல்படி ஏறாமல் நின்றுவிட்டால், அதைப் போனில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.

3

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரையும் ஒரு எடத்துல ஒக்கார வச்சிட்டா போதும்மா."

"எந்த எடத்துல? அவுக வீட்டுக்கு ஒங்கப்பா போக மாட்டாரு, நம்ம வீட்டுக்கு அவரு வர மாட்டாரு. கோயில்ல வச்சா, சாமி பாத்தோம்னு சொல்லிட்டு அங்கிட்டு ஒருத்தரு இங்கிட்டு ஒருத்தரு போயிருவாங்க."

அப்போதுதான் படகு தோன்றியது. மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாப் படகு விடுகிறார்கள். அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். "அதான் சரி. தண்ணிக்கு நடுவுல எங்கிட்டு எந்திரிச்சுப் போவாரு?"

பழம் வாங்கிக்கொண்டு கீரனூர் போனேன். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாமா கட்டிலில் இருந்தபடி விசாரித்தார்.

"போறதுக்குள்ள எல்லாரும் ஒரு நாள் சேந்து இருக்கலாம்னு ஆசையா இருக்கு மாமா. படகுல போவோம். நான் அங்க செய்யிற பலகாரத்த ஒங்களுக்கு ஒரு தடவ செஞ்சு வைக்கணும்."

"படகா? யாரு வீட்டுப் படகு?"

"கவர்மெண்டு படகு மாமா."

மாமா யோசித்தார். "கவர்மெண்டுன்னா பொது. யாரும் யாரையும் வாங்கன்னு சொல்லத் தேவையில்ல" என்றார். "வாரேன்."

அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

4

பலகைக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. வீட்டில் இருந்த மணைப்பலகையை எடுத்துக் கழுவினேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "ஒங்கக்காளக் கல்யாணத்துல ஒக்கார வச்ச பலகடா. குண்டி வச்ச எடத்துல திங்கிறதையா வைப்ப?" புதுக்கோட்டையில் ஒரு மர வாடியில் பலாப்பலகை வாங்கி இழைத்துக்கொண்டு வந்தேன். இழைத்தவர் என்ன சாமி படமா மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அத்திப்பழ ஜாமும் ஆலிவும் நம் ஆட்களுக்கு எதற்கு? நம்ம ஊர்ச் சாமானை வைத்தே அடுக்கினேன். ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி. புதுக்கோட்டையின் முட்டை இனிப்பான முட்டை மாஸ் வாங்கிச் சதுரமாக வெட்டியது. கை முறுக்கு, அவித்த கடலை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, கொய்யா, கருப்பட்டி மிட்டாய். திராட்சைக் கொத்து ஒன்று, கொஞ்சம் சீஸ், அது நான் துபாய்க்காரன் என்று காட்டிக்கொள்ள. முறுக்கைத் தனி டப்பாவில் மூடி வைத்துக் கடைசியில் சேர்த்தேன். நடுவில் துளி இடம் தெரியாமல் நிரப்பினேன். என் வேலையில் நான் செய்த நல்ல பலகை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கா அவ்வளவு சம்பளம் குடுக்குறான்?" என்றார். கிண்டல் இல்லை, பெருமையாகத்தான்.

5

படகுத்துறையில் எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். மாமா வாங்கவில்லை. "எனக்கு நீச்ச தெரியும்யா."

"தெரிஞ்சாலும் போடணுங்க, ரூல்சு" என்றார் படகுக்காரர். "போடலைன்னா நான் எடுக்க மாட்டேன்."

வெள்ளை வேட்டிக்கு மேலே அப்பாவும் மாமாவும் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே யூனிபாரத்துல பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரியே இருக்கீங்க" என்றாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாமா வெளியே பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சே வந்துவிட்டது. நேராக இல்லை, படகுக்காரர் வழியாக.

"அது கொக்காய்யா?" என்று மாமா படகுக்காரரைக் கேட்டார்.

"கொக்குக்கு இம்புட்டு நீளக் காலு ஏது, நாரையா இருக்கும்" என்று அப்பாவும் படகுக்காரரைப் பார்த்தே சொன்னார்.

"எங்க பக்கத்துக் கண்மாய்ல இத விடப் பெருசு வரும்னு சொல்லுய்யா."

படகுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் நேரிலேயே பேசிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. இதுதான் சமயம் என்று பலகையை மூடியிருந்த துணியை எடுத்தேன். நடுப்பெஞ்சில் வைத்தேன். "எடுத்துக்கோங்க" என்றேன்.

சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து, கையைப் பின்புறம் கட்டி, அலையாத்தி மரங்களைப் பார்த்தபடி நின்றேன்.

யோசித்துச் செய்ததில்லை. பலகை, படகு, தண்ணீர், மூன்றும் சேர்ந்ததும் உடம்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நாலு பேர் சுற்றியிருக்க, பலகை அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. அத்தை முந்திரிக்குக் கையைக் கொண்டுபோய், மாமாவைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். மாமா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணால் எனக்கு ஏதோ ஜாடை காட்டினாள்.

"ஒரே பலகைல ஆளாளுக்குக் கைய வச்சா எச்சியாகிராது?" என்றார் மாமா. படகுக்காரரிடம்தான். பிறகு இன்னும் மெதுவாக, "பந்தியிலதான் எலையத் தாண்டிப் போனாங்க. இங்க எலையும் இல்ல, ஆளும் இல்ல" என்றார்.

அதை ஒரு கேலியாக எடுத்துக்கொண்டு, "சாப்பிடுங்க மாப்ள" என்று அப்பா ஒரு முட்டை மாஸை எடுத்து நீட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவுக்குக் கோபம் கூட இல்லை, சங்கடம்தான். அந்தச் சங்கடத்தில் வந்தது இது: "புள்ள ஆசையா வச்சிருக்கான். எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பாய்ந்து போய் ஒரு தட்டில் எல்லாவற்றையும் வைத்து மாமாவின் கையில் கொடுத்தேன். "மாமா, சாப்பிடுங்க மாமா. நீங்க சாப்பிட்டாத்தான் மாமா எனக்கு..." என்று கெஞ்சினேன். மாமா தட்டை வாங்கிக்கொண்டார். தட்டிவிடவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "வயிறு சரியில்லப்பா" என்றார். தட்டை மடியில் வைத்தார். கரைக்கு வருகிற வரைக்கும் அது அவர் மடியிலேயே இருந்தது. படகு ஆட்டத்தில் முறுக்கு சரியப் பார்த்தபோது உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மாமாவும் அத்தையும் எங்கள் வேனில் திரும்பவில்லை. இருவரும் பஸ் ஏறினார்கள். படியில் நின்று அத்தை என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும்னுதான் இவுக பாத்தாக. சொல்லிருந்தா அந்தப் பலகையவே கடிச்சுத் தின்னிருப்பாக."

வேனில் அப்பாவிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "நீ ஒங்காசுல வச்ச பலகாரம். நீ பக்கத்துல நின்னு ஒங்க மாமாவக் கவனிப்பேன்னு நெனச்சேன். நான் முந்திக்கிட்டு உபசரிச்சா, மகன் காசுல பெரிய மனுசன் ஆயிட்டான்னு நெனப்பாரோன்னு இருந்துட்டேன்."

வழியில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தி, பலகையை அங்கிருந்த பிள்ளைகளிடம் கொடுத்தோம். நின்றபடியே சுத்தமாகத் தின்று தீர்த்தார்கள்.

6

இந்த வாரம் அத்தைக்கு நெஞ்சுவலி. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். செய்தி தெரிந்ததும் அலுவலகத்தில் அவசர லீவு கேட்டேன். யாருக்கு என்றார்கள். அத்தைக்கு என்றேன். தாய், தகப்பன், மனைவி, பிள்ளை, இவர்களுக்குத்தான் அவசர லீவு. அத்தை அதில் வர மாட்டார் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அப்பாவுக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். "அப்படியானால் லீவு உங்கள் அப்பாவுக்குத்தான் வேண்டும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போன்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்ப்பா. போர்டெல்லாம் இங்கிலீசுல இருக்கு. வாட்ச்மேன்ட்ட கேட்டேன், ரெண்டாவது மாடிங்கிறான்."

அப்பா கிளம்பி வந்துவிட்டார்! "ஏறிப் போங்கப்பா."

"அங்க மாப்ள ஒக்காந்திருப்பாரு."

"இருக்கட்டும்ப்பா."

"வான்னு ஒரு வார்த்த யாரும் சொல்லலையேடா. ஒடம்பு சரியில்லன்னு எனக்கு ஆள் விடவும் இல்ல. நானா போயி நின்னு, அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அவளுக்குத்தான வலி கூடும்?"

ஐந்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, அப்பா கீழ வாசல்ல நிக்கிறாங்க. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன்."

நர்ஸ் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமா சொன்னார்: "வரவேண்டியதுதான? நான் என்ன கதவையா சாத்தி வச்சிருக்கேன்?"

அதை அப்படியே அப்பாவிடம் சொல்ல முடியுமா? மாற்றிச் சொல்லலாம் என்று அப்பாவை அழைத்தேன். "மாமா வரச் சொல்றாங்கப்பா" என்றேன். என் குரலை அப்பா இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறவர். "அவரு என்ன வார்த்த சொன்னாரு, அதச் சொல்லு" என்றார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், மேரிசெல் கையைக் காட்டுகிறாள், படகு நகர்கிறது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. துறையை விட்டு விலகியபின் திரும்பக் கூப்பிடச் சிக்னல் இல்லை. பிஸ்கட்டை அடுக்கினேன், பலகையை வைத்தேன், ஒருமுறை சொன்னேன், பின்னால் போய் நின்றேன். கரைக்கு வந்ததும் கூப்பிட்டபோது அப்பா பஸ்ஸில் இருந்தார்.

"மாதுளம்பழம் வாங்கிட்டுப் போனேன். செல்லம்மான்னு பேரச் சொல்லி ஒரு நர்ஸுகிட்ட குடுத்துவிட்டேன். யாரு குடுத்ததுன்னு சொல்ல வேணாம்னுட்டேன்" என்றார்.

நேற்றுக் காலையில் அத்தையே கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "தலமாட்டுல மாதுளம்பழம் இருந்துச்சு சாமி. யாரு தந்ததுன்னு அந்தப் புள்ளயக் கேட்டா, வயசானவரு, கீழயே நின்னுட்டுப் போயிட்டாருங்கிது. அண்ணனா?"

"ஆமா அத்தை."

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க மாமா டீ குடிக்கப் போனப்ப அரைப் பழம் உரிச்சுத் தின்னேன்" என்றார். "தின்னேன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லிறாத. மாமாவுக்குத் தெரிஞ்சா, நம்மள மதிச்சு மேல வராத ஆளு குடுத்தத தின்னுட்டாளேன்னு இருக்கும். அண்ணனுக்குத் தெரிஞ்சா, இதோட சரியாப் போச்சுன்னு இருந்துக்கிரும், மேல ஏறி வரவே வராது."

சரி என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா கூப்பிட்டார். மழை, கடலை என்று சுற்றி வந்து, கடைசியில் கேட்டார்.

"அத்த பழந் தின்னுச்சான்னு கேட்டியா?"

"தெரியலப்பா."

"ம்" என்றார். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார்: "மாதுள சீக்கிரம் கெடாது. மெதுவாத் திங்கட்டும்."